இடுப்பில் துப்பாக்கி, வீட்டில் வாக்குவாதம்

அமெரிக்காவில் தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கியை உடலில் மறைத்து வைத்துக்கொண்டு அன்றாட வேலைகளைப் பார்ப்பது இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் வழக்கம். அலுவலகம், கடை, தேவாலயம், பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டி என எங்கு போனாலும் பணப்பை, சாவி, கைபேசி ஆகியவற்றுடன் அதுவும் கூடப் போகிறது. அலி ரோஹானி-ரஹ்பர் தலைமையிலான ஆய்வுக் குழுவின் கணக்குப்படி, 2015-இல் மாதத்தில் ஒரு முறையாவது இப்படி எடுத்துச் சென்றவர்கள் சுமார் 90 லட்சம் பேர். அவர்களில் நாள்தோறும் எடுத்துச் சென்றவர்கள் 30 லட்சம் பேர். 2019-இல் இந்த எண்ணிக்கைகள் முறையே 1.6 கோடியாகவும் 60 லட்சமாகவும் உயர்ந்தன.

துப்பாக்கியைச் சுமப்பவர் ஒருவர்தான். அது கழற்றி வைக்கப்படும் வீட்டில் வாழ்பவர்களோ பலர். பியூ ஆய்வு மையம் 2023-இல் நடத்திய கருத்துக் கணிப்பில் 32 விழுக்காட்டு அமெரிக்கர்கள் தாம் துப்பாக்கி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். துப்பாக்கி உள்ள வீட்டில் வசிப்பதாகச் சொன்னவர்கள் பத்தில் நால்வர். ஆக, பத்தில் ஒருவர் மற்றொருவருடைய துப்பாக்கியுடன் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார். ஆண்களில் 40 விழுக்காட்டினரும் பெண்களில் 25 விழுக்காட்டினரும் துப்பாக்கி உடையவர்கள் என்பதால் இந்தப் பிளவு பல வீடுகளில் கணவன் மனைவிக்கு இடையே விழுகிறது. அரசியல் மேடையில் இது உரிமை பற்றிய விவாதம். வீட்டுக்குள் கேள்வி வேறு: எல்லாரையும் பாதிக்கக்கூடிய ஒரு முடிவை யார் எடுப்பது? அமெரிக்கச் சட்டம் துப்பாக்கி ஏந்துவதைத் தனிமனிதரின் உரிமையாக வகுத்திருக்கிறது. அதனால் வரும் பாதுகாப்பும் ஆபத்தும் குடும்பத்துக்குப் பொது. கருத்து வேறுபாடுகள் பிறப்பது இந்த இடைவெளியில்.

முடிவு வீட்டுக்கு வந்த வரலாறு

1980-களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான மாநிலங்களில் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் எளிதில் கிடைக்கவில்லை. சில மாநிலங்கள் அதை முற்றாகத் தடை செய்திருந்தன. மற்றவற்றில் தருவதும் மறுப்பதும் காவல்துறை அதிகாரியின் அல்லது நீதிபதியின் விருப்பம். 1987-இல் புளோரிடா, வயது, பயிற்சி, குற்றப் பின்னணி போன்ற தகுதிகளை நிறைவு செய்பவருக்கு உரிமம் தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இயற்றியது. பிற மாநிலங்களில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாக அவ்வழியில் வந்தன. முற்றான தடையைக் கடைசிவரை வைத்திருந்த இல்லினாய், நீதிமன்றத் தீர்ப்பின் நெருக்குதலால் 2013-இல் இசைந்தது. அடுத்த கட்டம் உரிமமே இல்லாமல் எடுத்துச் செல்வது. வெர்மான்ட் மாநிலம் என்றுமே உரிமம் கேட்டதில்லை. அலாஸ்கா 2003-இலும் அரிசோனா 2010-இலும் டெக்சாஸ் 2021-இலும் அந்தத் தேவையை நீக்கின. 2024-க்குள் இத்தகைய மாநிலங்களின் எண்ணிக்கை 29 ஆனது.

உச்ச நீதிமன்றமும் இதே திசையில் நகர்ந்தது. 1791-இல் ஏற்கப்பட்ட இரண்டாம் திருத்தம், வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருக்கும் தனிமனித உரிமையைக் காக்கிறது என்று 2008-இல் ஹெல்லர் வழக்கில் தீர்ப்பளித்தது. 2022-இல் புரூயன் வழக்கில் அந்த உரிமை பொது இடத்துக்கும் பொருந்தும் என்றது. தனிப்பட்ட காரணம் காட்டினால்தான் உரிமம் என்ற நியூயார்க்கின் பழைய விதி அதனால் செல்லாததாயிற்று.

இந்த மாற்றத்தின் ஒரு விளைவு அதிகம் கவனிக்கப்படவில்லை. முன்பு 'உனக்கு எதற்குத் துப்பாக்கி?' என்று கேட்டவர் அரசு அதிகாரி. அவர் அந்த இடத்திலிருந்து விலகியதும் அதே கேள்வியைக் கேட்கும் பொறுப்பு மனைவிக்கோ கணவனுக்கோ பெற்றோருக்கோ வந்து சேர்ந்தது. அதிகாரியின் மறுப்புக்குச் சட்ட வலிமை இருந்தது. குடும்பத்தாரின் மறுப்புக்கு அது இல்லை.

சுமப்பவர் தரப்பு

துப்பாக்கி ஏந்துபவர்கள் சொல்லும் முதன்மைக் காரணம் பாதுகாப்பு. பியூ மையத்தின் 2023 கணிப்பில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 72 விழுக்காட்டினர் அதையே பெரிய காரணமாகக் குறிப்பிட்டனர். வேட்டையையும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டையும் மையமாகக் கொண்டிருந்த பழைய துப்பாக்கிப் பண்பாடு தற்காப்பை மையமாகக் கொண்டதாக மாறியதை டேவிட் யமானி போன்ற சமூகவியலாளர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இத்தரப்பின் வாதத்துக்கு உருக்கொடுத்த நிகழ்வுகளில் ஒன்று டெக்சாஸின் கில்லீன் நகரில் நடந்தது. 1991 அக்டோபர் 16 அன்று அங்குள்ள ஓர் உணவகத்தில் ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். பெற்றோருடன் உணவருந்திக்கொண்டிருந்த சுசானா ஹப், அன்றைய சட்டத்துக்கு அஞ்சித் தம் துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். தாய், தந்தை இருவரையும் அன்று பறிகொடுத்தார். பின்னர் பல மாநிலங்களின் சட்டமன்றக் குழுக்கள் முன் சாட்சியம் அளித்தார். 1996-இல் டெக்சாஸ் சட்டமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டில் அம்மாநிலம் மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் தரும் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. 'ஒரு நாள் தேவைப்படும்போது கையில் இல்லாமல் போனால்?' என்று வீடுகளில் கேட்கப்படும் கேள்விக்குப் பின்னால் இத்தகைய நிகழ்வுகளின் நினைவு நிற்கிறது.

ஜெனிஃபர் கார்ல்சன் மிச்சிகன் மாநிலத்தில் துப்பாக்கி ஏந்துவோரிடம் ஆய்வு செய்து 2015-இல் 'சிட்டிசன்-புரொடெக்டர்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். தொழிற்சாலைகள் மூடப்பட்டு, குடும்பத்துக்குச் சோறு போடுபவர் என்ற நிலை ஆட்டம் கண்ட ஊர்களில், காப்பவர் என்ற பொறுப்பு ஆண்களுக்குப் புதிய மதிப்பைத் தருகிறது என்பது அவர் கண்டது. இந்த மனநிலையில் இருப்பவருக்குத் துப்பாக்கி ஒரு கடமையின் அடையாளம். 'அதைக் கழற்றி வை' என்று மனைவி சொல்லும்போது, தம் அக்கறையே மறுக்கப்படுவதாக அவர் உணர்கிறார். துப்பாக்கி ஏந்தும் பெண்களின் நிலை சற்று வேறு. தனியாகப் பயணம் செய்வது, இரவுப் பணி, முன்னாள் துணைவரின் மிரட்டல் ஆகியவை அவர்களின் காரணங்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. எதிர்ப்பவர் கணவராகவோ பெற்றோராகவோ இருக்கும் குடும்பங்களும் உண்டு.

மறுப்பவர் தரப்பு

ஏந்துபவர் வெளியிலிருந்து வரும் ஆபத்தை எண்ணுகிறார். மறுப்பவர் எண்ணுவது வீட்டுக்குள் இருக்கும் ஆபத்தை. விபத்து, ஆத்திரம், மனச்சோர்வு, குழந்தையின் கை ஆகியவை அந்தப் பட்டியலில் வருகின்றன. நாட்டின் மரணக் கணக்கு இந்தக் கவலைக்கு அடிப்படை தருகிறது. 2022-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,204 பேர். இந்த மரணங்களில் 27,032 தற்கொலைகள், 19,651 கொலைகள்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்டட்டர்ட் குழு கலிஃபோர்னியாவின் பதிவேடுகளைக் கொண்டு செய்த ஆய்வுகள் இத்துறையில் மிகப் பெரியவை. 2020-இல் வெளியான முதல் ஆய்வின்படி, கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள், வைத்திராத ஆண்களைவிடச் சுமார் 3 மடங்கும் பெண்கள் சுமார் 7 மடங்கும் அதிகமான விகிதத்தில் தற்கொலையால் இறந்தனர். 2022-இல் வெளியான இரண்டாவது ஆய்வு, தமக்கெனத் துப்பாக்கி இல்லாமல் அது உள்ளவருடன் வாழ்பவர்களைப் பற்றியது. இவர்கள் கொல்லப்படும் விகிதம், துப்பாக்கி இல்லாத வீடுகளில் வாழ்பவர்களுக்கு உள்ளதைப் போல் 2 மடங்குக்கும் மேல் இருந்தது. வீட்டில் வாழ்க்கைத் துணையால் சுட்டுக் கொல்லப்படும் விகிதம் 7 மடங்கு. அவ்வாறு கொல்லப்பட்டவர்களில் 84 விழுக்காட்டினர் பெண்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்குப் பாதுகாப்புக் கூடியதற்கான சான்று எதையும் இந்த ஆய்வு காணவில்லை.

இந்த எண்கள் வீட்டு விவாதத்தை முடித்துவைப்பதில்லை. அவை துப்பாக்கி வைத்திருப்பதைப் பற்றியவை, ஏந்தித் திரிவதைப் பற்றியவை அல்ல. அவை சராசரிகள் என்பதால், 'நம் வீடு அப்படிப்பட்டதல்ல' என்று எவரும் விலகிக்கொள்ளலாம். எதிர்த்தரப்பின் புள்ளிவிவரங்களிலும் இடைவெளி பெரிது. கேரி கிளெக், மார்க் கெர்ட்ஸ் இருவரும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு, ஆண்டுக்கு 25 லட்சம் முறை வரை துப்பாக்கி தற்காப்புக்குப் பயன்படுவதாக மதிப்பிட்டது. அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் குறைவு. சமூக அளவிலும் இதே நிலை. தகுதியுள்ளவருக்கு உரிமம் தந்தே ஆக வேண்டும் என்ற சட்டங்கள் குற்றத்தைக் குறைத்ததாக ஆய்வாளர் ஜான் லாட் 1990-களில் வாதிட்டார். ஜான் டோனஹ்யூவின் ஆய்வுக் குழு 2019-இல், அச்சட்டங்கள் வந்து 10 ஆண்டுகளில் வன்முறைக் குற்றம், அவை இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 13 முதல் 15 விழுக்காடு வரை கூடுதலாக இருந்ததாகக் கண்டது. பிற்கால ஆய்வுகளின் போக்கு இரண்டாவது முடிவை ஒட்டியே இருக்கிறது. ஆனாலும் இரவு உணவு மேசையில் இரு தரப்புக்கும் எண்கள் கிடைத்துவிடுகின்றன.

தோட்டா அறை, உறை, அலமாரி

குடும்பங்களுக்குள் நடக்கும் பேச்சில் கொள்கையைவிடச் செய்முறையே அதிக இடம் பிடிக்கிறது. 'நிரப்பியது' என்பதற்கே இரண்டு நிலைகள் உண்டு. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் மட்டும் இருந்து, சுடும் அறை காலியாக இருப்பது ஒன்று. அப்போது மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்துவிட்டால்தான் சுட முடியும். சுடும் அறையிலும் ஒரு தோட்டா இருப்பது மற்றொன்று. விசையை அழுத்தினால் போதும், குண்டு பாயும். பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் இரண்டாவதையே பரிந்துரைக்கிறார்கள்; தாக்குதல் நேரத்தில் இரு கைகளும் ஓய்வாக இருக்கும் என்று நம்ப முடியாது என்பது அவர்கள் வாதம். மறுக்கும் துணைவர் பல நேரங்களில் முதல் நிலையையாவது கேட்கிறார். குளோக் போன்ற பரவலான வகைகளில் கையால் பூட்டும் தனிப் பாதுகாப்பு விசை பொதுவாக இல்லை என்பதால், விசையை முழுதாக மூடும் கெட்டியான உறையே முக்கியத் தடுப்பாகிறது.

துப்பாக்கி உறைக்குள் இடுப்பில் இருக்கும்வரை அது ஒருவரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கழற்றும் கணங்கள்தான் சிக்கலானவை: கழிப்பறை, உடற்பயிற்சிக் கூடம், குழந்தையைத் தூக்குதல், படுக்கை. கைப்பையில் வைப்பது எளிது. ஆனால் பை உடலைவிட்டு இறங்கும்போது துப்பாக்கியும் இறங்கிவிடுகிறது. தாயின் பையிலிருந்து எடுத்துக் குழந்தை சுட்டுவிட்ட துயரங்கள் நடந்திருக்கின்றன. பள்ளி வாசலில் வேறொரு சிக்கல். பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி கொண்டுசெல்வதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. அப்பள்ளி உள்ள மாநிலத்தின் உரிமம் பெற்றவருக்கு விலக்கு உண்டு. உரிமம் தேவைப்படாத மாநிலங்களிலும் பலர் உரிமம் வாங்கி வைத்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம். துப்பாக்கியைக் காரில் விட்டுச் சென்றால் திருட்டுப் பயம் வருகிறது.

வீட்டில் அது எங்கே இருக்க வேண்டும் என்பதிலும் இழுபறிதான். பியூ மையத்தின் 2017 கணிப்பில், துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 38 விழுக்காட்டினர் வீட்டிலிருக்கும் நேரமெல்லாம் நிரப்பிய துப்பாக்கி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். துணைவருக்கு இது தெரியுமா என்பதும் உறுதியல்ல. 1998-இல் ஜென்ஸ் லுட்விக், ஃபிலிப் குக், டாம் ஸ்மித் வெளியிட்ட ஆய்வு, வீட்டில் துப்பாக்கி இருப்பதாகக் கணவர்கள் சொல்லும் விகிதம் மனைவிகள் சொல்வதைவிடக் கூடுதல் என்று காட்டியது. சில வீடுகளில் கருத்து வேறுபாடு வெளிப்படாததற்குக் காரணம் இசைவு அல்ல, விவரம் தெரியாமையே.

குழந்தைகளும் விருந்தினரும்

குழந்தை பிறந்ததும் வாதம் இரு பக்கமும் கூர்மை பெறுகிறது. காக்க வேண்டிய உயிர் கூடிவிட்டது என்கிறார் ஒருவர்; எடுத்து விளையாடக்கூடிய கை வந்துவிட்டது என்கிறார் மற்றவர். 2020 முதல், 1 முதல் 19 வயது வரையிலான அமெரிக்கர்களின் மரணத்துக்கு முதற்காரணம் துப்பாக்கிதான். 'என் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், தொடமாட்டான்' என்ற நம்பிக்கையை ஃபிரான்சிஸ் பாக்ஸ்லி, மேத்யூ மில்லர் இருவரும் அலபாமாவின் கிராமப்புறத்தில் சோதித்தார்கள். துப்பாக்கி இருக்கும் இடம் தம் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 விழுக்காட்டினரின் கூற்றைப் பிள்ளைகளே மறுத்தார்கள். தம் பிள்ளை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை என்றவர்களில் 22 விழுக்காட்டினருக்கும் அதே நிலை. இந்த ஆய்வு 2006-இல் வெளியானது.

குழந்தைக்கு எட்டும்படி துப்பாக்கியை விட்டுவைப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தை முதலில் 1989-இல் இயற்றியதும் புளோரிடாதான். இத்தகைய சட்டங்கள் இளையோரின் தற்கொலையையும் தற்செயலான சூட்டுக் காயங்களையும் குறைக்கின்றன என்பதற்கு வலுவான சான்று இருப்பதாக ராண்ட் நிறுவனத்தின் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. விரல் ரேகையாலோ குறியெண்ணாலோ சில நொடிகளில் திறக்கும் சிறு பெட்டகம் இரு தரப்பும் ஓரளவு ஏற்கும் தீர்வாகப் பல வீடுகளில் இடம்பிடித்திருக்கிறது.

மூன்று தலைமுறைகள் கூடும்போது சிக்கல் விரிகிறது. தாத்தாவின் படுக்கையறை மேசையில் நிரப்பிய துப்பாக்கி இருந்தால் பேரப்பிள்ளைகளை அங்கே இரவு தங்கவிடலாமா? நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு மைத்துனர் இடுப்பில் துப்பாக்கியுடன் வந்தால் என்ன செய்வது? பிள்ளைகளை அனுப்பும் முன் 'உங்கள் வீட்டில் பூட்டாத துப்பாக்கி இருக்கிறதா?' என்று கேட்டுவிடுமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பெற்றோருக்கு அறிவுறுத்துகிறது. மருத்துவர்கள் அதே கேள்வியை நோயாளிகளின் குடும்பத்திடம் கேட்பதைப் புளோரிடா 2011-இல் கட்டுப்படுத்தியது. அந்தத் தடையைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் நீக்கியது.

விருந்தினர் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. தம் வீட்டுக்குள் துப்பாக்கியோடு வர வேண்டாம் என்று சொல்லும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. மீறித் தங்குபவர் அத்துமீறியவர் ஆகிறார். வீட்டின் சம உரிமையாளரான கணவனுக்கோ மனைவிக்கோ எதிராக இந்த உரிமை பயன்படாது. மைத்துனரைத் தடுக்க முடிந்தவருக்குத் தம் துணைவரைத் தடுக்க வழியில்லை.

மனம் தளரும்போது

ஒரு காலத்தில் இசைவாக இருந்த ஏற்பாடு பின்னர் ஆபத்தாக மாறலாம். மனச்சோர்வு, மதுப் பழக்கம், மறதி நோய் ஆகியவை வரும்போது, அதுவரை துப்பாக்கியை எதிர்க்காத குடும்பத்தினரும் கவலை கொள்கிறார்கள். முதியவரிடமிருந்து கார் சாவியை வாங்குவதற்கு ஓட்டுநர் உரிமப் புதுப்பிப்பு என்ற வெளித்துணை இருக்கிறது. துப்பாக்கிக்குப் பல மாநிலங்களில் அப்படி எதுவும் இல்லை. தற்கொலைத் தடுப்பில் ஈடுபடுவோர் நெருக்கடிக் காலத்தில் துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே வைக்குமாறு சொல்கிறார்கள். நம்பகமான உறவினரிடமோ துப்பாக்கிக் கடையிலோ காவல் நிலையத்திலோ தற்காலிகமாக ஒப்படைக்கலாம். மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும். நியூ ஹாம்ப்ஷயரில் துப்பாக்கிக் கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் சேர்ந்து தொடங்கிய திட்டம் இதற்கு முன்மாதிரியாக அமைந்தது. நிரந்தரமாகப் பறிப்பது என்ற பேச்சு இல்லாததால், உரிமையில் பிடிப்புள்ளவர்களும் இதை ஏற்க முன்வருகிறார்கள்.

சட்டம் குறுக்கிடும் இடம்

கருத்து வேறுபாடு அச்சமாக மாறும்போதுதான் சட்டம் உள்ளே வருகிறது. குடும்ப வன்முறைக்காகச் சிறு குற்றத் தண்டனை பெற்றவரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என 1996-இன் லாட்டன்பெர்க் திருத்தம் விதித்தது. திருமணம் ஆகாத, சேர்ந்து வாழாத காதலர்களையும் இந்தத் தடைக்குள் ஓரளவு கொண்டுவந்தது 2022-இன் சட்டம். துணைவருக்கு அச்சுறுத்தல் என்று நீதிமன்றம் கண்டு எவருக்கு எதிராகப் பாதுகாப்பு ஆணை பிறப்பித்ததோ அவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கிவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் ரஹீமி வழக்கில் 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில் உறுதி செய்தது. தமக்கோ பிறருக்கோ ஆபத்தானவர் எனத் தோன்றுபவரின் துப்பாக்கியைத் தற்காலிகமாக அகற்றும் ஆணைகளை 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏற்றிருக்கின்றன. கனெக்டிகட் 1999-இல் இதைத் தொடங்கியது. கலிஃபோர்னியா 2014-இல் இயற்றிய சட்டம் குடும்பத்தினரே நேரடியாக மனுச் செய்ய இடம் தந்தது. புளோரிடாவில் காவல்துறைதான் மனுச் செய்ய முடியும்.

இவை எல்லாம் கடைசிக் கட்டத்துக்கானவை. அதற்கு முன், உரிமம் தரும்போதே குடும்பத்தின் குரலைக் கேட்கும் நாடுகள் உண்டு. கனடாவில் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர், தற்போதைய துணைவரையும் முந்தைய 2 ஆண்டுகளில் சேர்ந்து வாழ்ந்தவரையும் குறிப்பிட வேண்டும். அவர்கள் கையெழுத்திடாவிட்டால் அதிகாரி அவர்களுக்குத் தகவல் தெரிவிப்பார். நியூசிலாந்தில் விண்ணப்பதாரரின் துணைவரிடம் நேர்காணல் நடத்தப்படுகிறது. அமெரிக்காவில் புரூயன் தீர்ப்புக்குப் பின் நியூயார்க் இயற்றிய சட்டம் இந்தத் திசையில் ஓர் அடி எடுத்து வைத்தது. ஏந்தும் உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர் துணைவர் உள்ளிட்ட வீட்டிலுள்ள வயதுவந்தோரின் விவரங்களைத் தர வேண்டும்; வீட்டில் சிறுவர் இருக்கிறார்களா என்றும் சொல்ல வேண்டும். கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 டிசம்பரில் இந்த விதி தொடர அனுமதித்தது. உரிமமே கேட்காத 29 மாநிலங்களில் இப்படிக் கேட்பதற்கான வாசல் இல்லை.

ஆகவே பெரும்பாலான குடும்பங்கள் தங்கள் விதிகளைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. துப்பாக்கி ஒன்று உடலில், இல்லையேல் பெட்டகத்தில். மூன்றாவது இடம் கிடையாது. மது அருந்தும் நாளில் துப்பாக்கி இல்லை. ஏந்துபவர் பயிற்சியைத் தொடர வேண்டும். ஏந்தாத துணைவர் தோட்டாவை அகற்றும் முறையையாவது கற்றுக்கொள்ள வேண்டும். பிறர் வீட்டுக்குப் போகும் முன் கேட்க வேண்டும். யாருக்காவது மனம் தளர்ந்தால் துப்பாக்கி வெளியே போகும் என்பதை நல்ல காலத்திலேயே பேசி வைக்க வேண்டும். இந்த உடன்பாடுகள் நிலைப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மறுப்பவர் அஞ்சாமல் மறுக்கக்கூடிய வீடாக அது இருக்க வேண்டும். ஆயுதம் ஒருவர் கையில் மட்டும் இருக்கும் வீட்டில், வாக்குவாதத்தின் இரு தரப்பும் சம பலத்தோடு பேசுவதாகக் கொள்ள முடியாது. அந்தச் சமமின்மை மிரட்டலாக வெளிப்பட்ட பிறகே சட்டம் அதைக் காண்கிறது. அதற்கு முன்பு அதைக் காணவும் பேசவும் குடும்பத்தைத் தவிர வேறு அமைப்பு பெரும்பாலான மாநிலங்களில் இல்லை.